கானாவுக்குப் போகிறவர்களுக்கு

வகுப்பை அவர் எப்போதும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார். வெள்ளைப் பலகையில் ஆப்பிரிக்காவை ஏதோ ஒரு கோணத்தில் வரைவார். அதன் மேற்குப் பக்கத்து வளைவுக்குக் கீழே ஒரு சின்னக் கட்டம் போடுவார்.

"இதுதான் கானா. இங்க நான் பண்ணாத தப்பே இல்ல. ஒவ்வொண்ணா சொல்றேன், நீங்க அதைப் பண்ணாம இருங்க."

பொம்மசந்திராவில் பிஸ்கட் பொட்டலம் போடும் இயந்திரங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் நான் அட்மின் வேலையில் இருந்தேன். எங்கள் இயந்திரங்கள் கானாவில் தேமா என்கிற துறைமுக நகரத்துக்குப் போகத் தொடங்கிய சமயம் அது. இயந்திரத்தோடு எங்கள் ஆட்களும் போய், அதைப் பொருத்தி, ஓட்டிக் காட்டிவிட்டு வரவேண்டும். முதலில் போனவர் அங்கே சண்டை போட்டுக்கொண்டு பாதியில் திரும்பிவிட்டார். அங்குள்ள தொழிலாளர்கள் தன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை என்றார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "அந்த ஊர்ல இருந்துட்டு வந்தவங்க யாராச்சும் பெங்களூர்ல இருப்பாங்கம்மா. புடிங்க. நம்ம பசங்களுக்கு ஒரு மணி நேரம் பேசட்டும்" என்றார்.

நான் தேட வேண்டியிருக்கவில்லை. ஜோகுபாளையத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவிலேயே அவர் இருந்தார். அவருடைய கணவர் தேமாவில் ஒரு துணி மில்லில் பல வருஷம் சூப்பர்வைசராக இருந்தவர். திரும்பி வந்து சில வருஷங்களில் இறந்துவிட்டார். ஒரே மகளுக்குப் புனேயில் வேலை. அறுபதைத் தாண்டிய ஒல்லியான உருவம், கஞ்சி போட்ட காட்டன் புடவை, கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை. தெருவுக்கே அவர் ஆன்ட்டி. எனக்கும் ஆன்ட்டிதான்.

ஆனால் தெருவில் அவருக்குப் பேர் வந்தது கானாவால் அல்ல, சாவால். எங்கே சாவு விழுந்தாலும் முதலில் அங்கே இருப்பவர் அவர். எங்கள் மாதா கோயில்காரர்கள் வீடு, மாரியம்மன் கோவில் தெருக்காரர்கள் வீடு, மசூதிப் பக்கத்து வீடு என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. போவார், ஓர் ஓரமாக உட்காருவார், உடலை எடுக்கும்வரை எழுந்திருக்க மாட்டார். "லேசா தலைவலின்னாக்கூட வெளிய சொல்லாதடி, அந்தம்மா வந்து உட்கார்ந்துடும்" என்று என் அப்பா கேலி செய்வார்.

எனக்கு அது கேலியாகத் தோன்றவில்லை. கொஞ்சம் பயமாக இருந்தது. பக்கத்து அபார்ட்மென்டில் காவலுக்கு இருந்த ஒடிசாக்காரர் ஒருவர் மாரடைப்பில் இறந்தபோது, சொந்தக்காரர்கள் ரயிலேறி வந்து சேரும்வரை, ஆஸ்பத்திரிப் பிணவறைக்கு வெளியே சிமெண்டுப் பெஞ்சில் அவர்தான் உட்கார்ந்திருந்தார். நான் டிபன் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அவர் உங்களுக்கு என்ன வேணும் ஆன்ட்டி?"

"ஒண்ணும் இல்ல. பேர்கூட இங்க வந்துதான் தெரிஞ்சிக்கிட்டேன்."

"அப்புறம் எதுக்கு?"

"போகாம வீட்ல இருக்க முடியலம்மா. அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு டிபன் மூடியைத் திறந்தார்.

இப்படிப்பட்டவரைத்தான் நான் கான்பரன்ஸ் ரூமில் கொண்டுபோய் நிறுத்தினேன். நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் ஃபிட்டர்கள், எலெக்ட்ரீஷியன்கள். பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே ரூம் கலகலப்பாகிவிட்டது. மார்க்கெட்டில் இடது கையால் எதையோ நீட்டி ஒரு மீன்காரம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதைச் சொன்னார். ஒரு கூடத்துக்குள் நுழைந்தால் வலது பக்கம் இருப்பவரிலிருந்து ஆரம்பித்து வரிசையாகக் கை குலுக்கிக்கொண்டு போக வேண்டுமாம். இவர் நடுவில் இருந்த பெரிய மனிதரிடம் நேராகப் போய்க் கை நீட்ட, மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்களாம்.

"வேலைய பத்தி அப்புறம் பேசுங்கப்பா. மொதல்ல வணக்கம் சொல்லுங்க. ராத்திரி தூங்கினீங்களா, வீட்ல எப்டின்னு கேளுங்க. நேரா போயி 'அந்த ஸ்பேனர எடு'ன்னா எவன் எடுப்பான்? நீங்க எடுப்பீங்களா?"

முதலில் போன ஆள் ஏன் திரும்பி வந்தார் என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லும்போது அவர் முகமே மாறும். புளிக்கவைத்த மக்காச்சோள மாவை அதன் மட்டையில் சுற்றி வேகவைக்கிற கென்கியையும், அதற்குத் தொட்டுக்கொள்ளும் கருவாட்டு வாசமடிக்கும் மிளகாய்த் தொக்கையும் பற்றிப் பேசினால் கேட்கிறவனுக்கு எச்சில் ஊறும். மரவள்ளிக்கிழங்கை இடித்துப் பிசைந்த ஃபுஃபுவை முதல் தடவை சாப்பிட்டபோது மென்றுவிட்டாராம். "அது மெல்ற சமாச்சாரம் இல்ல. கையால கிள்ளி, சூப்புல முக்கி, அப்டியே முழுங்கணும். நான் மென்னுக்கிட்டே இருந்தேன், மொத்தக் குடும்பமும் சாப்பாட்ட விட்டுட்டு என்னையே பாக்குது." யாராவது சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நாம் கடந்துபோனால், முகம் தெரியாதவராக இருந்தாலும் 'வாங்க சாப்பிடலாம்' என்பார்களாம். டிசம்பரில் பாலைவனத்திலிருந்து வரும் புழுதிக் காற்றில் உதடு வெடிக்குமாம். கொசுவலையையும் மாத்திரையையும் விடக்கூடாதாம்.

அத்திபெலேயிலிருந்து வந்த மணிகண்டன் என்கிற எலெக்ட்ரீஷியன் கையைத் தூக்கினான். "மேடம், அங்க சேஃப்டியா இருக்குமா?"

"நான் லீவுக்கு இங்க கெளம்பும்போதெல்லாம் அங்க இருக்கவங்க எங்கிட்ட இதையேதான் கேப்பாங்க" என்றார். மணிகண்டன் தலையைச் சொறிந்துகொண்டான்.

எந்தக் கிழமையில் பிறந்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்பார். அங்கே கிழமைக்கு ஒரு பேர் உண்டு. மணிகண்டன் அம்மாவுக்கு போன் போட்டுக் கேட்டு வெள்ளிக்கிழமை என்றான். "அப்போ நீ கோஃபி" என்றார். அன்றிலிருந்து கம்பெனியில் அவனுக்குக் காபி என்றே பேர். நீங்கள் என்ன கிழமை என்று அவன் திருப்பிக் கேட்டபோது, "நானும் வெள்ளிதான். பொம்பளைக்கு அஃபியா" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று பலகையை அழிக்கத் திரும்பிவிட்டார்.

தெருவிலும் அவர் இப்படித்தான். கம்மனஹள்ளி பஸ்ஸில் ஓர் ஆப்பிரிக்க மாணவனைப் பார்த்ததும் கானா பாஷையில் நலம் விசாரித்திருக்கிறார். அவன் காங்கோக்காரன். ஒன்றும் புரியாமல் விழித்திருக்கிறான். அடுத்த வகுப்பில் அதையும் சேர்த்துக்கொண்டார். "அம்மாம் பெரிய கண்டத்துல எல்லாரும் கானான்னு நெனச்சிட்டேன் பாருங்க. ஒருத்தன் உங்களப் பாத்து நேபாளி பாஷையில பேசினா எப்டி இருக்கும்?"

இவ்வளவு கலகலப்பான வகுப்பு கடைசி அரைமணியில் கனத்துப் போய்விடும். அங்கே சாவு என்றால் என்ன என்று ஆரம்பிப்பார். உடலைக் குளிரறையில் வைத்துவிட்டு, வாரக்கணக்கில் ஏற்பாடு செய்து, ஒரு சனிக்கிழமையில் ஊரைக் கூட்டி அடக்கம் செய்வார்கள். கருப்பும் சிவப்பும் கட்டிக்கொண்டு போக வேண்டும். கல்யாணத்துக்குப் போகாவிட்டால் கேட்க மாட்டார்கள், சாவுக்குப் போகாவிட்டால் மறக்க மாட்டார்கள். "கூட வேலை செய்றவன் வீட்ல சாவுன்னா மெஷின நிறுத்திட்டுப் போங்க. காரணம் சொல்லாதீங்க. ஒடம்பு சரியில்லன்னு மட்டும் சொல்லவே சொல்லாதீங்க." அவர் குரல் அங்கே உடையும். ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். "மெஷின் போடப் போறோமா, சாவுக்குப் போறோமா?" என்று வெளியே வந்து சிரிப்பார்கள்.

ஒருநாள் வகுப்பு முடிந்து அவரைக் கம்பெனி காரில் வீட்டுக்குக் கூட்டிப்போகும்போது மெதுவாகச் சொன்னேன். "ஆன்ட்டி, அந்தச் சாவு விஷயத்த மட்டும் கொஞ்சம் கொறச்சிக்கலாமா? பசங்க பயப்படுறாங்க." மேனேஜர் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. எனக்கே சங்கடமாக இருந்ததால் சொன்னேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஹோசூர் ரோட்டில் வண்டி ஊர்ந்தது. சில்க் போர்டு சிக்னல் பக்கம் வந்து முழுக்க நின்றுவிட்டது. அங்கேதான் ஜன்னலைப் பார்த்தபடியே ஆரம்பித்தார்.

தேமாவில் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சுவர், கென்கி விற்கும் ஒரு பெண்ணுடையது. இவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். இவர் போய் இறங்கிய வாரத்திலேயே கிழமை கேட்டு 'அஃபியா' என்று கூப்பிட ஆரம்பித்தவர் அவர். ஒருமுறை இவருக்கு மலேரியா முற்றி நினைவு தப்பிவிட்டது. கணவர் மில்லில் இருந்தார். அந்தப் பெண்தான் டாக்சி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்து, தன் கடையை மூடிவிட்டு, கட்டிலுக்குக் கீழே தரையில் படுத்துப் பார்த்துக்கொண்டார்.

அந்தப் பெண்ணின் மூத்த மகன் மீன்பிடிப் படகில் வேலைக்குப் போனவன், கடலில் மூழ்கி இறந்துபோனான். அடக்கத்துக்கு நாள் குறித்ததும் அந்தத் தாயே நேரில் வந்து சொன்னார். தங்கள் குடும்பத்தார் கட்டுகிற துணியிலேயே இவருக்கும் ஒரு துண்டு வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். வெளியாளுக்கு அந்தத் துணியைக் கொடுக்க மாட்டார்களாம்.

"அப்போ நான் நாலு மாசம். அதுக்கு முன்னாடி ரெண்டு கலைஞ்சி போச்சு. மாமியார் இங்கிருந்து போன் போட்டு, 'வயித்துப் புள்ளைக்காரி சாவு வீட்டு வாசல மிதிக்கக்கூடாது, மிதிச்ச, இதுவும் நிக்காது'ன்னுட்டாங்க. எனக்கும் பயம்."

"நியாயந்தானே ஆன்ட்டி? பயப்படாம இருக்க முடியுமா?"

"அத அந்தம்மாகிட்ட சொல்லியிருந்தா நியாயம். அவங்களும் புள்ள பெத்தவங்கதானே, புரிஞ்சிக்கிட்டிருப்பாங்க. நான் ஆள் விட்டு, காய்ச்சல், எழுந்திரிக்க முடியலன்னு சொன்னேன். ஜன்னல சாத்திக்கிட்டு உள்ளயே இருந்தேன். நாள் முழுக்க மேளம். எங்க ஊட்டுச் செவுரு அதிருது."

வண்டி கொஞ்சம் நகர்ந்து மறுபடி நின்றது.

"ரெண்டு நாள் கழிச்சி கதவத் தட்றாங்க. நான் தொவச்ச துணிய ஒதறி ஒதறி கொடியில போட்டுக்கிட்டு இருக்கேன், பாட்டுகூட முணுமுணுத்துக்கிட்டு. போயி தொறந்தா அந்தம்மா. கருப்புத் துணியில, தலை மழிச்சிக்கிட்டு. கையில சூப்பு. எனக்குக் காய்ச்சலுன்னு சொன்னேன் இல்ல, அதுக்கு மொளகு போட்டு கொண்டாந்திருக்காங்க."

நான் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"என்னைப் பாத்தாங்க. கொடியப் பாத்தாங்க. சட்டிய கீழ வச்சிட்டு, 'ஒடம்ப பாத்துக்கோங்க மேடம்'னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அதுவரைக்கும் என்னை அவங்க மேடம்னு கூப்ட்டதே இல்ல. அப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல அங்க இருந்தேன். மக பொறந்தா. தெனம் காலையில 'குட் மார்னிங் மேடம்'. அவ்ளோதான். நானும் 'குட் மார்னிங்'. கெளம்புற அன்னிக்கும் அதேதான்."

ஜோகுபாளையத்தில் இறங்கும்போது, "அந்தப் பகுதிய எடுத்துடறேன் கண்ணு" என்றார். வேண்டாம் ஆன்ட்டி என்று நான் சொல்வதற்குள் போய்விட்டார். அடுத்த வகுப்பில் நிஜமாகவே எடுத்துவிட்டார். ஃபுஃபுவோடு வகுப்பு முடிந்தது. எல்லாரும் சிரித்துக்கொண்டே போனார்கள். அவர் பலகையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

மணிகண்டன் தேமாவுக்குக் கிளம்பினான். ஆன்ட்டி அவனிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் அவருக்கு இல்லை என்று நினைத்து நானே கேட்டேன். அந்தத் துணி மில்லின் பழைய குடியிருப்பு, பக்கத்தில் கென்கிக் கடை, கடலில் மகனைப் பறிகொடுத்த அம்மா என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்லி, முடிந்தால் விசாரி என்றேன். அவன் வணக்கம் சொல்லி, வீட்டில் எப்படி என்று கேட்டு, வகுப்பில் படித்தபடியே எல்லாரிடமும் பழகியிருக்கிறான். கூட வேலை செய்தவர்களே அவனைக் கூட்டிப்போய் வீட்டைக் காட்டிவிட்டார்கள். அந்த அம்மா உயிரோடு இருந்தார். கடையை மகள் பார்த்துக்கொண்டாள்.

நான் செய்தது சரியா என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தபோது, முன்கூட்டி எதுவும் சொல்லாமல் போய், "ஆன்ட்டி, மணிகண்டன் பேசுறான்" என்று போனை அவர் கையில் கொடுத்தேன். திரையில் மணிகண்டன் இல்லை. நரைத்த குட்டை முடியோடு ஒரு வயதான முகம் இருந்தது.

ஆன்ட்டிக்கு அடையாளம் தெரிய ஒரு கணம்கூட ஆகவில்லை. எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்த அந்த நலம் விசாரிப்பு ஒன்றும் வரவில்லை. நேராக அழுகைதான் வந்தது. அவர்கள் பேசியது அந்த ஊர் ஆங்கிலத்தில். எனக்குப் புரிந்தவரை இங்கே எழுதுகிறேன்.

"குழந்தை எப்படி இருக்கிறாள்?" என்று அந்த அம்மா கேட்டார்.

"நல்லா இருக்கா. வேலைக்குப் போறா. அம்மா, நான் அன்னிக்கு வரல. உங்க மகனுக்கு வரல."

"உனக்குக் காய்ச்சல்."

"காய்ச்சல் இல்ல. பொய் சொன்னேன்."

"தெரியும்" என்றார் அந்த அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. "அடக்கம் ஒரு நாள். அதற்கப்புறம் ஒரு வருஷம் என் சுவருக்குப் பக்கத்தில் இருந்தாய். ஒவ்வொரு நாள் காலையிலும் இன்றைக்குச் சொல்வாய் என்று நினைத்தேன்."

ஆன்ட்டி என்னவோ சொல்ல வாயெடுத்தார். அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "இது போனில் பேசுகிற பேச்சு இல்லை" என்றார். திரை ஆடியது. மகளின் முகம் வந்தது, மன்னிப்புக் கேட்பதுபோலச் சிரித்தது, அழைப்பு நின்றது.

அவர் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி அவரைக்காயை எடுத்தார். எடுத்த காயை உரிக்காமலே பாத்திரத்தில் போட்டார். நான் வெளியே வந்துவிட்டேன். அதற்கப்புறம் பல நாள் அவர் கோயிலுக்கு வரவில்லை. தெருவில் ஒரு சாவு விழுந்தது. அதற்கும் வரவில்லை. "இன்னாடி, ஆன்ட்டிக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று அம்மா கேட்டாள். ஆறாத புண்ணை யாரும் கேட்காமலே போய்க் கிளறிவிட்டேனே என்று இருந்தது.

பிறகு ஒருநாள் மாலை அவரே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"உனக்கு டிக்கெட்டு போடத் தெரியுமில்ல?"

விசாவைவிட மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிதான் பெரும் பாடாக இருந்தது. அந்த வயதுக்காரர்களுக்கு அதைப் போட டாக்டர் தயங்கினார். ஏதாவது ஆனால் என்ன செய்வீர்கள், சுற்றிப் பார்க்கத்தானே போகிறீர்கள், வேறு ஊருக்குப் போங்களேன் என்றார். "சாவுக்குப் போறேன் டாக்டர்" என்றார் ஆன்ட்டி. டாக்டர் எல்லாவற்றையும் இன்னொரு தடவை சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டார். புனேயிலிருந்து மகள் வந்து சண்டை போட்டாள். கடைசியில் அவளே விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டாள்.

அங்கே நடந்ததை, திரும்பி வந்த மறுநாள் எங்கள் சமையலறையில் உட்கார்ந்து அவர் சொன்னார்.

கருப்புப் புடவை கட்டிக்கொண்டு, அங்கே இன்னும் வேலையில் இருந்த மணிகண்டனோடு அந்த அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறார். அங்கே வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள். குடித்து முடித்த பிறகு, 'இங்கே எல்லாரும் நலம். நீங்கள் வந்த காரியம் என்ன?' என்று முறைப்படி கேட்பார்கள். வந்தவர் சொல்லியே ஆகவேண்டும். இந்த வழக்கத்தை அவர் வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை. ஏன் என்று கேட்டேன். "அத நெனச்சாலே நான் அங்க உட்கார்ந்து பதில் சொல்ற மாதிரி இருக்கும்" என்றார்.

மகள் தண்ணீர் கொண்டுவந்தாள். அந்த அம்மா கேட்டார். இவர் சொன்னார்.

"உங்க மகன் சாவுக்கு வந்திருக்கேன். லேட்டாயிடுச்சு."

அந்த அம்மா தங்கள் பாஷையில் மகளிடம் ஏதோ சொன்னார். மகள் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் மரத்தடியில் போட்டாள். இரண்டு பேரும் போய் உட்கார்ந்தார்கள். அந்த ஊரில் வாசலில் நாற்காலி போட்டு, கருப்புக் கட்டிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தால் யாரும் சும்மா தாண்டிப் போக மாட்டார்கள். நின்றார்கள். யார் போய்விட்டார்கள் என்று கேட்டார்கள். அந்த அம்மா ஒவ்வொருவருக்கும் மகனின் பேரைச் சொன்னார். புதிதாகக் குடிவந்தவர்களில் பலருக்கு அவருக்கு இப்படி ஒரு மகன் இருந்ததே தெரியாது. எப்படிப்பட்ட பையன் என்று கேட்டார்கள். பந்தாடுவான், நன்றாகப் பொய் சொல்வான், சம்பளம் வாங்கினால் தங்கைக்குச் செருப்பு வாங்காமல் வீட்டுக்கு வரமாட்டான் என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாராம். சிலர் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனார்கள். ஆன்ட்டி கடைசிவரை எழுந்திருக்கவில்லை.

பொழுது சாயும்போது அந்த அம்மா எழுந்தார். "நாளைக்கு ஞாயிறு. கோயிலில் நன்றிப் பூசை. கருப்பு வேண்டாம், வெள்ளை போட்டுக்கொண்டு வா" என்றார். சனிக்கிழமை அடக்கம் முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை வெள்ளையுடுத்திக் கோயிலுக்குப் போவது அங்கே முறை. இவர் வெள்ளைப் புடவை எடுத்துப் போகவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டபிறகு முதல் தடவையாகக் கவுன், அதுவும் அந்த மகளுடைய வெள்ளை கவுன், போட்டுக்கொண்டு, அந்தக் குடும்பத்தோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பூசை பார்த்திருக்கிறார்.

நான் காபியை ஆற்றிக் கொடுத்தேன். கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துக் கடைசியில் கேட்டுவிட்டேன்.

"மன்னிச்சிட்டாங்களா ஆன்ட்டி?"

அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அத நான் கேக்கல கண்ணு. கேட்டிருந்தா, பாவம், ஆமான்னு சொல்லியிருப்பாங்க."